தூளியில் தூங்கிய கை

பருத்திக்கொட்டை மூட்டையை லோடுமேன்தான் இறக்குவார். அன்றைக்கு அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அருப்புக்கோட்டையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறவனுக்கு ஒரு மூட்டையைத் தூக்கத் தெரியாதா என்று வீம்புக்கு நானே தோளில் ஏற்றினேன். வலது தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி இருந்தது. மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டர், தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் தைக்க வேண்டும் என்றார்.

வலியைவிட எனக்கு மாசி மாதம்தான் பெரிய கவலை. என் தங்கைக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் பிள்ளைக்கு மாசியில் காதுகுத்து. திருச்சுழிப் பக்கம் அவர்கள் குலசாமி கோயிலில் நடக்க வேண்டும். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரும். அவளுக்குத் தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருவன். தள்ளிப்போடவும் முடியாது. நடப்பது மூன்றாவது வயது, ஒற்றைப்படையில்தான் குத்துவார்கள்.

"மாசிக்குள்ள ஓரளவு தேறிரும். மடியில வச்சுக்கலாம். ஆனா பிள்ளை துள்ளுனா வலது கையால இழுத்துப் பிடிக்கக் கூடாது, தச்சது பிஞ்சிரும்" என்றார் டாக்டர். காது குத்தும்போது துள்ளாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது?

தங்கையின் மாமியார் நல்ல மனசோடுதான் போனில் சொன்னார். "ஒங்களுக்கு ஏலலைன்னா என்ன, ஒங்க பெரியப்பா மகன் மடியில உக்கார வச்சிருவோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் இன்னும் போய்ச் சேரலை அத்தை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பெரியப்பா மகன் தங்கமான ஆள். ஆனாலும் அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவன் கடைப்பக்கம் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபரேஷனுக்கு முன்பே எல்லாவற்றையும் இடது கையால் பழகச் சொல்லி என் மனைவி உத்தரவு போட்டாள். பல் தேய்த்தால் பேஸ்ட் மூக்கில் ஏறியது. வேட்டியைக் கட்டவே முடியவில்லை, ஒட்டுகிற வேட்டி வாங்கினோம். கரண்டியால் அள்ளிய சோறு பாதி சட்டையில் விழுந்தது. "சட்டைக்கும் பசிக்கும்ல" என்றாள். பிள்ளையைப் பிடித்துப் பழகுவதற்கென்று அவள் அப்பா வீட்டிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டியை வேறு ஓட்டிவந்தாள். "இதை இடது கையால அமுக்குனீகன்னா பிள்ளையை அமுக்கிருவீக."

குட்டி என் மடியை நனைத்தது, தாடையில் ஓர் உதை கொடுத்தது, தவிட்டு மூட்டைக்குப் பின்னால் பாய்ந்து ஒளிந்துகொண்டது. தீவனம் வாங்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்து நின்றார்கள். "மொதலாளி, குட்டி செயிச்சிருச்சு" என்றார் லோடுமேன்.

தீபாவளி கழிந்து ஆபரேஷன் முடிந்தது. தோளில் சின்னச் சின்னத் துளைகள்தான் போட்டிருந்தார்கள். தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, மருமகளுக்குக் குத்தச் சொன்னா நீ மொதல்ல குத்திக்கிட்டியா?" என்றாள். சிரித்தால் தோள் வலித்தது. வலித்தாலும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று பிள்ளையும் வந்திருந்தாள். கழுத்திலிருந்து தொங்கிய பட்டைக்குள் கிடந்த என் கையை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"கை தூளில தூங்குதா?"

"ஆமா தாயி."

அவ்வளவுதான், வீட்டுக்கே ஊரடங்கு. நலம் விசாரிக்க வந்தவர்கள் பிரட்டையும் ஆரஞ்சையும் வைத்துவிட்டு, ஆளாளுக்குத் தங்கள் கையைத் தூக்கி, "எனக்கும் இதுக்கு மேல போகாது" என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு டிரில் வகுப்பு மாதிரி இருந்தது. அவள் உதட்டில் விரலை வைத்து ஒவ்வொருத்தரையும் அதட்டினாள். "ஷ்ஷ்! கை முழிச்சிரும்."

அதற்கப்புறம் போனில் எப்போதும் ஒரே கேள்விதான். "மாமா, கை முழிச்சிருச்சா?" சுவரில் விரல்களை நண்டு மாதிரி மேலே நடக்கவிடுவதுதான் எனக்குப் பயிற்சி. பொங்கலுக்குள் பட்டை கழன்றது. மாசியில் விரல் நெற்றியைத் தொட்டது. கனம் மட்டும் இன்னும் ஆகாது.

காதுகுத்து அன்று கூட்டத்தில் யாரும் இடித்துவிடாமல் இருக்க மறுபடி பட்டையை மாட்டிக்கொண்டேன். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பிள்ளையை என் மடியில் உட்கார வைத்தார்கள். இடது கையால் அணைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து பெரியப்பா மகன், "ஏலே, நான் பிடிக்கவா?" என்றான். "கிட்ட வந்தீன்னா தெரியும்" என்றேன்.

ஆசாரி ஒரு காதில் குத்தினார். பிள்ளையின் உடம்பு விறைத்தது, வாய் திறந்தது. தோள் போனால் போகட்டும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் அவள் துள்ளவில்லை. குனிந்து, பட்டைக்குள் கிடந்த என் கையைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அடுத்த காதையும் குத்தினார்கள். கண்ணீர் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது, சத்தமே இல்லை. உதடு மட்டும் துடித்தது.

வாய்விட்டு அழுதவன் நான்தான். "குத்துனது யாருக்குய்யா?" என்று தங்கையின் மாமியார் கேட்க, கூட்டமே சிரித்தது.

நான் பட்டையைக் கழற்றிக் கீழே போட்டேன். "முழிச்சிருச்சு தாயி, கை முழிச்சிருச்சு. இனிமே நீ நல்லா அழு."

அவள் ஒருமுறை கையைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு கண்மாய்க்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதாள். என் வலது கை அவளுடைய மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.