தண்ணீரின் சூட்டில் பாதி

துலூஸ் நகரத்து ஓரத்தில் இருக்கும் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், காலையில் காப்பியைக் கையில் எடுத்ததும் நான் ஒரு வகுத்தல் கணக்குப் போடுவேன். சன்னலுக்கு வெளியே கார்களின் மேல் பனி உறைந்து கிடக்கும். என் கணக்கோ, புதுச்சேரி உழவர்கரையில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டின் பின்பக்கத்து நீச்சல் குளத்துக்கு. பிரான்சில் குளம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தண்ணீரின் சூடு எத்தனை டிகிரியோ, அதில் பாதி எண்ணிக்கை மணி நேரம் தினமும் தண்ணீரை வடிகட்டும் மோட்டார் ஓடவேண்டும். இருபத்தாறு டிகிரி என்றால் பதின்மூன்று மணி நேரம். நீந்தவே தெரியாத எனக்கு இது மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கீழ்வீட்டு மதாம் ஒருநாள் என் கைப்பேசியில் குளத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, உங்கள் ஊரில் நீங்கள் பணக்காரியா!" என்று கண்ணை அகல விரித்தாள். பள்ளிக்கூடக் கான்டீனில் தட்டு கழுவுகிறவள் நான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். என்னத்தைச் சொல்ல? சிரித்து மழுப்பிவிட்டேன்.

குளம் என் வீட்டுக்காரருடைய ஆசை. துலூஸ் நகராட்சி நீச்சல் குளத்தின் மோட்டார் அறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். மேலே ஊர்ப் பிள்ளைகள் கும்மாளம் போட, கீழே இவர் குளோரின் நெடியில் இருமிக்கொண்டு கிடப்பார். அந்தத் தண்ணீரில் ஒருநாளும் இறங்கியதில்லை. "ரெத்ரேத் வாங்கினதும் ஊருக்குப் போயி, நம்ம தண்ணியில மல்லாக்கப் படுத்துக் கெடப்பேன் பாரு" என்பார். பணி ஓய்வைத்தான் இங்கே ரெத்ரேத் என்பார்கள். வேலையில் இருக்கும்போதே, லீவு லீவாகப் போய் வெட்டிய குளம் அது. பெரிய மோட்டார்களோடு பழகிய மனுஷன், சின்னக் குளத்துக்கும் தேவைக்கு மேலே ஒரு எச்பி மோட்டாரைப் போட்டுவைத்தார்.

சாவி என் தம்பி செல்வத்திடம் இருந்தது. தினமும் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கிப் படம் எடுத்து அனுப்புவான். படத்தின் மூலையில் அவன் கட்டைவிரல் எப்போதும் விழும், சில நாள் செருப்பும் விழும். நான் பாதியைக் கணக்குப் போட்டு அனுப்புவேன். "சரிக்கா" என்று வரும். இதெல்லாம் ஒரு பேச்சா என்று நீங்கள் சிரிக்கலாம். கடல் தாண்டி வந்த அக்காவுக்கும் ஊரில் இருக்கிற தம்பிக்கும் அதுதான் பேச்சு. ஒரு மே மாதக் காலை, தண்ணீர் முப்பத்திரண்டு என்று படம் வந்தது. பதினாறு என்று போட்டேன். மறுநாள் என் வீட்டுக்காரர் குளியலறையில் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. ரெத்ரேத்துக்கு மூன்று வாரம் இருந்தது. துலூசிலேயே புதைத்தோம். அதற்குப் பிறகு செல்வம் அனுப்பிய படங்களை நான் திறந்து பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் அவை வருவதும் நின்றுபோனது. பாவி, அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

பத்து மாதம் கழித்து, "அக்கா, மோட்டார் போயிடிச்சி" என்று ஒரே வரி வந்தது. புறப்பட்டுப் போனேன். மண்ணைக் கொட்டி மூடிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என் மகனும் அதையேதான் சொன்னான். ஒருமுறை அவரைப் புதைத்தாகிவிட்டது, இன்னொரு முறை என்னால் முடியாது.

பழைய மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, செல்வமும் நானும் ஊருக்குள் இருந்த ஒரு பம்பு கடைக்குப் போனோம். செல்வம் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். சர்க்கரைப் புண் என்றான். கடைக்காரர் என் மகன் வயதுக்காரர். என் கைப்பையையும் ஷூவையும் பார்த்ததுமே வெளியூர் ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"எத்தன பேரு மேடம் குளிப்பீங்க? அத வச்சித்தான் செட்டு சொல்லணும்."

"யாரும் இல்ல."

"ஓ, வாடகைக்கு விடறீங்களா? வீக்கெண்டு பார்ட்டிக்கு?"

"இல்ல தம்பி. தண்ணி தெளிவா இருக்கணும். அவ்ளோதான்."

அவர் செல்வத்தைப் பார்த்தார், அம்மாவுக்கு ஏதும் கோளாறா என்கிற மாதிரி. பிறகு மோட்டாரைப் பிரித்து, தேய்ந்துபோன பேரிங்கை விரலால் சுற்றினார். "தெனம் எவ்ளோ நேரம் ஓட்னீங்க?"

"பதினாறு மணி நேரம்" என்றான் செல்வம்.

"பதினாறா! மார்கழியிலயுமா? யாருங்க சொன்னது?"

செல்வம் என் பக்கம் பார்க்கவில்லை. "அக்கா சொல்லிச்சி."

நான் கடைசியாக அனுப்பிய எண்ணையே இத்தனை மாதமும் ஓட்டியிருக்கிறான். கடைக்காரர் விடாமல், தானாக அணைக்கிற டைமர் என்ன ஆயிற்று என்றார். உப்புக் காற்றில் அது போன வருஷமே செத்துப்போனது, கையால்தான் போட்டு அணைப்பேன் என்றான் இவன். பில்லுக்கு விலாசம் கேட்டபோது காலாப்பட்டு என்று சொன்னான்.

"காலாப்பட்டா? எப்படா போன?"

"போன வருஷமேக்கா. பொண்ணு வூட்டோட போயிட்டோம். நீ மாமா போன துக்கத்துல இருந்த, சொல்லல." அங்கேயிருந்து முதல் பஸ்ஸில் உழவர்கரைக்கு வந்து மோட்டாரைப் போடுவானாம். பகலெல்லாம் பூட்டிய வீட்டிலேயே முடங்கிக் கிடந்துவிட்டு, அணைத்ததும் கடைசி பஸ் பிடிப்பானாம். அந்தப் புண் காலை வைத்துக்கொண்டு, பத்து மாதம்!

"நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானேடா!" கடை என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

"நீ சொல்லலியேக்கா. மாமா கொளம். பச்ச புடிச்சிக் கெடந்தா, வந்து பாத்துட்டு நீதான அழுவ?"

நான் அப்போதே அழுதேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் குளத்துக்கு அரை எச்பி போதும், ஃபில்டருக்குப் புது மணல் போடவேண்டும் என்று எழுதிக்கொண்டார். கடைசியாக ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இத மாட்டிட்டா பிரான்ஸ்லேர்ந்தே போன்ல போட்டு நிறுத்தலாம் மேடம். தண்ணி சூட்டையும் இதுவே காட்டும். யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்."

யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம்! காலைப் படமும், மூலையில் அந்தக் கட்டைவிரலும் எனக்கு வேண்டும். இத்தனை கேட்ட பிறகும் வேண்டும் என்றுதான் இந்தக் கேடுகெட்ட மனது சொன்னது. "சாதா சுவிட்சே போதும் இல்ல?" என்று இழுத்தேன்.

செல்வம் அந்தப் பெட்டியின்மேல் கையை வைத்தான். "இத வாங்கிடுக்கா." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னால முடியலக்கா" என்றான்.

அறுபது வருஷத்தில் அவன் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. வாங்கிவிட்டேன். மாட்டி ஓடவிட்ட மூன்றாம் நாள் தண்ணீர் அடித்தரை தெரியும்படி தெளிந்திருந்தது. செல்வம் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான்.

இப்போது துலூசில், கைப்பேசியில் பெட்டி காட்டும் எண்ணைப் பார்த்துப் பாதியாக்கி நானே அமுக்குகிறேன். பச்சைப் புள்ளி எரிகிறது. போன வாரம் இருபத்தெட்டு. பழக்க தோஷம், பெட்டிக்குச் சொல்ல வேண்டியதைச் செல்வத்துக்கு அனுப்பிவிட்டேன்: "பதினாலு." அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஆனாலும் அழிக்கவில்லை. "சரிக்கா" என்று வரட்டும் என்று கோப்பையைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

வந்தது. "பஸ் ஏறணுமாக்கா?"

"வேணாம்டா" என்று அடித்தேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. யாருமில்லாத உழவர்கரை வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.