ஸ்டெபனியின் முகம்

றெமிஜியஸ் குளிர்நாடொன்றில், ரூஜ் என்ற இடத்தில் இருக்கிறார். வீடுகளைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்துவது தொழில். படமெடுப்பது புதிதாய்ப் பிடித்த ஆசை. அக்கா றோஸ்மேரியின் மகள் ஸ்டெபனிக்கு வேதக் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு என்றதும், படமெடுக்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கினார். ‘ரோ’ முறையில் எடுத்தால் நிறத்தையும் வெளிச்சத்தையும் பிறகு திருத்தலாம் என்று யூடியூப்பில் யாரோ சொன்னதை நம்பி, எல்லாவற்றையும் அப்படியே எடுத்துவிட்டார்.

வீட்டில் லாப்டொப்பில் போட்டால் ஒரு படமும் திறக்கவில்லை. உறுதிபூசுதலை இன்னொருக்கால் நடத்த முடியுமா? கமராக் கொம்பனி இலவசமாகத் தரும் மென்பொருள் வேண்டும் என்று தேடிக் கண்டுபிடித்தார். கமராவைக் கவிழ்த்து, அடியிலிருந்த இலக்கத்தைப் பதிந்த பிறகுதான் அது இறங்கியது.

படங்கள் திறந்தன. ஆனால் கோயில் விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் செங்கமாரி பிடித்து மஞ்சளானவர்கள் மாதிரி இருந்தார்கள். எது வெள்ளை என்று காட்டிக்கொடுக்கும் ‘வைட் பாலன்ஸ்’ குறியை எடுத்து ஸ்டெபனியின் வெள்ளைச் சட்டையில் தொட்டார். சட்டை வெளுத்தது, முகங்களுக்கு உயிர் வந்தது. தனியே இருந்து சிரித்தார்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“நல்லா வந்திருக்கடா. முகத்தை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்கிவிடு. பெரிசாப் பிரேம் போடப்போறன்.”

“அவளின்ரை நிறம் உதுதானே அக்கா?”

“ஓமடா, எனக்குத் தெரியாதே? கொஞ்சந்தானே.”

அக்காவோடு மல்லுக்கட்ட மனம் வரவில்லை. முகத்தின் வெளிச்சத்தைக் கூட்டினார். “இன்னும்” என்றாள் றோஸ்மேரி. இன்னும் கூட்டினார்.

அடுத்த ஞாயிறு ஸ்டெபனி தனியே வந்தாள். அதற்குள் படம் வட்ஸப்பில் எல்லோரிடமும் போயிருந்தது.

“மாமா, அது நானில்லை. ஃபில்டரோ எண்டு ஃபிரெண்ட்ஸ் கேக்கினம்.”

றெமிஜியஸ் அவசரமாக லாப்டொப்பைத் திறந்தார். “இஞ்சை பார் பிள்ளை, ரோவில எடுத்தபடியால் ஒண்டும் அழியேல்லை.” ஒரே அழுத்தில் அவளுடைய சொந்த முகம் வந்தது.

அவள் கனநேரம் பார்த்தாள். “இதில என்ன பிழை மாமா?”

“ஒரு பிழையும் இல்லை.”

“அப்ப ஏன் மாத்தினீங்கள்?”

அக்கா கேட்டாள் என்று சொல்ல வாயெடுத்தவர், அடக்கிக்கொண்டார். மாற்றியது அவருடைய கைதான்.

அன்றே அந்த மாற்றாத படத்தை றோஸ்மேரிக்கு அனுப்பி, பிரேமில் போட்டிருந்ததை மாற்றச் சொன்னார். “உதெல்லாம் ஒரு விசயமே?” என்று அவள் கோபித்துக்கொண்டாள். வெளுத்த முகத்தோடுதான் பிரேம் இன்னும் அவளின் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது.

நத்தார்ப் பண்டிகைக்குக் குடும்பப் படமெடுக்க றெமிஜியஸ் கமராவைத் தூக்கியபோது, தட்டுக் கழுவவேண்டும் என்று ஸ்டெபனி குசினிக்குள் போய்விட்டாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. மற்றவர்களை நெருங்கி நிற்கச் சொல்லி எடுத்தார்.