ஒரு தட்டில் ஐந்து பேர்

1992இல் லண்டன் மோர்டனில் ஒரு போர் மூண்டது. தளபதி குலசேகரம். ஆயுதங்கள்: ஒரு மைக், ஒரு விசில், வாடகைக்கு எடுத்த மண்டபம். எழுபதுகளில் கணக்கியல் படிக்க லண்டன் வந்தவர் அவர். துவக்கு சுடுவதைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்டவர். ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ‘பாசறையில் ஒரு பகல்’ என்று நாடகம் எழுதியிருந்தார். நிஜ முகாமில் கிடந்தவன் ஒருவன் மேடையில் நின்றால் எடுப்பாக இருக்கும் என்று எட்வேட்டைப் பிடித்து வந்தார்.

எட்வேட் மன்னார்க்காரன், பெற்றோல் ஷெட்டில் வேலை. எண்பத்தைந்தில் தமிழ்நாட்டில், ஒரு சவுக்குத் தோப்புக்குள், ஓர் இயக்கத்தின் முகாமில் இருந்தான். விடிய விசில் அடிக்கும், ஓட வேண்டும். பிறகு மரத்தில் செதுக்கிய துவக்கைத் தூக்கிக்கொண்டு தவழ வேண்டும். நிஜத் துவக்கு வருகிறது, வருகிறது என்றார்கள். சொறிதான் வந்தது. மத்தியானம் ஐந்து பேருக்கு ஒரு தட்டு: பூச்சி அரிசிச் சோறும் தண்ணீர்ப் பருப்பும். பொறுப்பாளர் விசிலடித்ததும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். சண்டைக்களத்தில் மெள்ள, ஆறுதலாகச் சாப்பிட ஏலாதாம், அதற்குப் பயிற்சியாம். பொறுப்பாளருக்கு மட்டும் அந்தப் பயிற்சி தேவைப்படவில்லை. அவருக்குத் தனிச் சோற்றுக் கோப்பை.

வேகமாக அள்ளத் தெரிந்தவன் தப்பினான். எட்வேட்டோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பீற்றருக்குத் தெரியவில்லை. உருட்டி, மென்று, விழுங்குவதற்குள் விசில் ஊதிவிடும். வற்றி வற்றி, கடைசியில் வயிற்றோட்டத்தில் செத்தான். இயக்கம் நோட்டீஸ் அடித்தது: ‘எதிரியுடன் பொருதி வீரமரணம்’.

பீற்றரின் தாய் லூர்தம்மாவும் மகளோடு மோர்டனில்தான் இருந்தா. ஞாயிறு பூசை முடிந்ததும் எட்வேட்டின் கையைப் பிடித்துக்கொள்வா. மகன் எந்தச் சண்டையில் நின்றான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரே கேள்விதான்.

“தம்பி, அங்க அவன் வயிறாரச் சாப்பிட்டவனே?”

“ஓம் அம்மா.”

தாய்க்காகச் சொன்ன பொய், போகப் போகப் பொறுப்பாளருக்குக் குடை பிடிக்கிற பொய்யாகிவிட்டது. நாடகத்தில் சாப்பாட்டுக் காட்சியை உள்ளபடி போட்டால் மனுசி கண்ணால் கண்டுகொள்ளும், தான் வாய் திறக்கத் தேவையில்லை. அதற்காகத்தான் நாடகத்துக்கே சம்மதித்தான்.

ஒத்திகையில் பார்த்தால் மேடை நிறைய வாழையிலை.

“என்ன அண்ணை இது, கலியாண வீடே?”

“மூண்டு கறி, வடை, பாயாசம். சனத்துக்குப் பாக்கவே நெஞ்சு நிறையும்.”

“எங்களுக்கு ஐஞ்சு பேருக்கு ஒரு தட்டு அண்ணை. சோத்துக்குள்ள பூச்சி.”

“பூச்சியை மேடையில காட்டேலுமே? பொடியள் பட்டினி கிடக்கவோ நாங்கள் இஞ்ச இருந்து காசு அள்ளிக் குடுத்தனாங்கள் எண்டு சனம் கேக்கும்.”

“கேக்கட்டும். நானும் அதைத்தான் கேக்கிறன்.”

“எட்வேட், முகாம் எண்டால் என்ன எண்டு உமக்கு விளங்கேல்லை. கட்டுப்பாடு! நீர் ஓரமாக் காவலுக்கு நில்லும். உமக்கு வசனம் இல்லை.”

விழா நாளில் எட்வேட் காலில் மினுக்கிய சப்பாத்தும் கையில் பிளாஸ்டிக் துவக்குமாக ஓரத்தில் நின்றான். முகாமில் அவன் சப்பாத்தையே கண்டதில்லை. இலைகள் விரிந்தன, வடை வந்தது. முன்வரிசையில் லூர்தம்மா மகளின் தோளைத் தட்டினா.

“பாத்தியே பிள்ளை, நல்லாத்தான் குடுத்திருக்கினம்.”

அந்த முகத்தில் வந்த சிரிப்பைத்தான் எட்வேட்டால் தாங்க முடியவில்லை. துவக்கைக் கீழே போட்டான். சாப்பிட இருந்த ஐந்து பொடியளின் இலைச் சோற்றையும் ஒரு தட்டில் வழித்துக் கொட்டினான். “வட்டமா இருங்கோடா. அள்ளுங்கோ!” மேடையோரம் நின்ற குலசேகரத்தின் கழுத்தில் தொங்கிய விசிலைப் பறித்தான். பொடியள் இரண்டு வாய் வைத்திருப்பார்கள், ஊதினான்.

“கையை எடு! இவ்வளவுதான் சாப்பாடு. நாங்கள் கிடந்த முகாம் இதுதான்.”

சனம் சிரித்தது. லூர்தம்மா எழுந்து மேடையடிக்கு வந்தா.

“என்ர பிள்ளை மெள்ள மெள்ளத்தானே தின்னுவான், எட்வேட்.”

“ஓம் அம்மா.”

“திண்டு முடிச்சவனே?”

“இல்லை அம்மா. ஒருநாளும் முடிக்கேல்லை. அவன் சண்டையில சாகேல்லை.”

குலசேகரம் ஓடி வந்தார். “அம்மா, இது நாடகம்! போய் இருங்கோ.”

“நாடகம் எண்டு எனக்குத் தெரியாதே? நோட்டீஸ் வந்த நாளிலை இருந்து பாக்கிறன்.” எட்வேட்டிடம் கையை நீட்டினா. “உந்த விசிலை இஞ்ச தா.”

விசிலை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுப் பூட்டினா. பிறகு, எச்சில் கையோடு விறைத்திருந்த பொடியளைப் பார்த்தா.

“சாப்பிடுங்கோடா. ஆறுதலாச் சாப்பிடுங்கோ.”

அவர்கள் சாப்பிட்டார்கள். திரையைப் போடு, போடு என்று குலசேகரம் கையைக் காட்டிக்கொண்டே நின்றார். திரைக்கு நின்றவன் கயிற்றைத் தொடவில்லை.