சாவியும் லாண்டரிக் கடையும்

கணக்கெடுப்பு அலுவலகத்தில் அவளுக்குச் 'சாவி' என்று பட்டப்பெயர். எந்தக் கடைக்காரர் முகத்தில் அடித்தாற்போல் போகச் சொன்னாரோ, எந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்களோ, அந்த முகவரிகள் எல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். "நீங்க போனா பேசிடுவாங்கம்மா" என்று மேற்பார்வையாளர் தள்ளிவிடுவார். அவளும் முணுமுணுத்தபடியே எடுத்துக்கொள்வாள். உள்ளுக்குள் பெருமை இல்லாமல் இல்லை.

மந்திரம் ஒன்றும் போட மாட்டாள். கடையில் ஆள் இருந்தால் ஓரமாக நிற்பாள். வியாபாரம் முடிந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். "வரி ஆபீசா?" என்று கடைக்காரர் முறைத்தால் சிரிப்பாள்.

"அவங்களுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது சார். உங்க பேர் எங்கயும் வராது. எல்லாக் கடைக்கும் நாங்க போறதில்ல, உங்கள மாதிரி முந்நூறு கடைக்கு உங்க கடைதான் பதில் சொல்லப் போகுது. நீங்க ஒரு பொய் சொன்னா அது முந்நூறு பொய். நெசத்தச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விட மாட்டேன்."

அது வெறும் பேச்சில்லை. நிஜமாகவே மூச்சு விட மாட்டாள். "ஊர்க் கதையெல்லாம் உனக்குத் தெரியும், எனக்கு ஒரு துணுக்காவது போடக் கூடாதா?" என்று கணவர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். வேலையில் சேரும்போது ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த அலுவலகத்தில் எத்தனையோ பேர். தேநீர் வேளையில் அதை மறந்துவிடாதவள் அவள் ஒருத்திதான்.

அந்த வருடத் தொழில் கணக்கெடுப்பில் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருந்த லாண்டரிக் கடையும் தேர்வாகியிருந்தது. வேறு ஊழியர்கள் போய் வசவு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சாவி ஒரு மதிய வேளையில் போனாள். கடையில் ஈரத்துணியும் சூடான இரும்பும் கலந்த வாசம். பெரிய இயந்திரங்கள் இரண்டும் ஓடாமல் கிடந்தன. ஆனால் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பழுப்புக் காகிதப் பொட்டலங்கள்.

லாண்டரிக்காரர் முதலில் பிடி கொடுக்கவில்லை. அவள் தன் வழக்கமான பேச்சைப் பேசி முடித்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அலமாரியப் பாத்துட்டு ஓகோன்னு நடக்குதுன்னு நெனச்சிருப்பீங்க. அதெல்லாம் வாங்க வராத துணிம்மா. அப்பப்ப காகிதத்த மாத்தி அடுக்கி வெப்பேன். கடை வெறிச்சுன்னு கெடந்தா வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் வர மாட்டாங்க."

லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளை நம்பி நடந்த கடை அது. லாட்ஜ்காரர்கள் சொந்தமாக இயந்திரம் வாங்கிப் போட்டுவிட்டார்கள். அவர் ஈயோட்டிக்கொண்டிருந்தார். மின்கட்டணம், வாடகை, கூலி என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கையிலிருந்த கருவியில் பதிந்தாள். வரவு செலவு கழித்துக் கடைசிக் கட்டத்தில் வந்த தொகைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நின்றது.

"இவ்வளவு மனசுவிட்டு யார்கிட்டயும் பேசினதில்லம்மா" என்றார் அவர். அவளுக்கு அன்று முழுக்க நல்ல வேலை செய்த நிறைவு.

கொஞ்ச நாளிலேயே தம்பி வந்தான். அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த தம்பி. ஒரு கம்பெனியில் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவன், அன்று உட்காரக்கூட இல்லை.

"அக்கா, ஒரு கடை வெலைக்கு வந்திருக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, லாண்டரி. அவருக்கு வயசாயிடுச்சாம், குடுத்துட்டுப் போறேங்கறார். அலமாரியில துணி வெக்க எடமில்லக்கா! நீ என்ன சொல்ற?"

அவள் போய்க் கணக்கெடுத்து வந்த அதே கடை. சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்து நின்றது. சட்டம் பயமுறுத்தியது என்று அவள் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சட்டம் மட்டும் இல்லை. ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த வாசலில் நின்று எந்த முகத்தோடு அந்தப் பேச்சைப் பேசுவது? சாவி என்ற பெயர் என்னாவது? தம்பியின் பிழைப்பு ஒரு தட்டில் இருக்கும்போது பட்டப்பெயரை மறு தட்டில் வைத்துப் பார்க்கத் தோன்றியது அவளுக்கு. 'வேண்டாம்' என்று சொன்னாலே அந்தக் கழித்தல் குறியைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும் என்று ஒரு நியாயத்தையும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

"நல்லா விசாரிச்சுக்கோடா" என்றாள்.

"விசாரிக்க என்னக்கா இருக்கு? கண்ணால பாத்துட்டேனே."

"அப்ப உன் இஷ்டம்."

வங்கிக்காரன் கடன் தராமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று வேண்டிக்கொண்டாள். வங்கிக்காரனும் அலமாரியைப் பார்த்தான், கொடுத்துவிட்டான். கடை திறந்த அன்று அவள் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கூசும்.

தம்பி உரியவர்களைத் தேடிக் கொடுக்கலாம் என்று பொட்டலங்களைப் பிரித்தான். குழந்தைச் சட்டைகள் இருந்தன. அந்தக் குழந்தைகளுக்கே இப்போது மீசை முளைத்திருக்கும். லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினான். தவணை தவறியது. மனைவியின் நகைகள் போயின. கடைசியில் இயந்திரங்களைப் பழைய இரும்புக்காரன் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனான். தம்பி பழைய கம்பெனிக்கே போய், முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேன் ஓட்டினான்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தக் கணக்கெடுப்பின் அறிக்கை வெளிவந்தது. நாடு முழுக்கச் சலவைத் தொழிலின் வருமானம் சரிந்திருப்பதாக அதில் ஒரு வரி இருந்தது. லாண்டரிக்காரர் சொன்ன கணக்கும், அவரைப் போன்ற முந்நூறு கடைகளுக்காக, அந்த வரிக்குள் கரைந்து கிடந்தது. இனி யாரும் யாருக்கும் படித்துக் காட்டலாம். அவள் படித்துவிட்டு மூடி வைத்தாள்.

அதே வாரம் தம்பி வீட்டுக்கு வந்தான். லாண்டரிக்காரரைச் சாலையில் பார்த்தானாம், சட்டையைப் பிடிக்கப் போனானாம். அவர் திகைத்துப்போய்விட்டாராம்.

"என்ன சொன்னார் தெரியுமாக்கா? 'கடை பேசும்போது அக்கா பேரச் சொல்லி, கணக்கெடுப்பு ஆபீஸ்ல இருக்காங்கன்னு நீங்கதான சொன்னீங்க. அவங்ககிட்ட ஒண்ணு விடாம ஒப்பிச்சேனே. கூடப்பொறந்தவன்கிட்ட சொல்லாமலா இருப்பாங்க? தெரிஞ்சேதான் வாங்கறீங்கன்னு நெனச்சேன்'ங்கறார்."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கொடுத்த வாக்கை இந்த உலகத்தில் நம்பியவள் அவள் ஒருத்திதான் என்பதும் நிஜமாக இருக்கலாம்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன்டா. சொல்லக் கூடாது" என்றாள்.

"தெரியும்க்கா. அவர் கணக்க நீ சொல்லியிருக்கணும்னு நான் கேக்கல." தம்பி கோபமாகப் பேசவில்லை. "வேணாம்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நீ சொல்லி நான் எப்பக்கா ஏன்னு கேட்டிருக்கேன்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அவன் கேட்டதே இல்லை.