கொரியாக்காரிக்கு நான் கொடுத்த வசனம்

கணவரோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்த வாரத்திலும், அவருக்குக் கொரியத் தொடரை வாசித்துச் சொல்வதை நான் நிறுத்தவில்லை. கோபம் வேறு, கதை வேறு.

அவர் அம்பாசமுத்திரத்துக்காரர். கழக்கூட்டத்தில் வேலைக்கு வந்து வருஷக்கணக்காகியும் மலையாளத்தில் பஸ் போர்டைத் தாண்டி எதையும் வாசிக்கத் தெரியாது. நான் கிழக்கேகோட்டையில் பிறந்து மலையாளத்தில் படித்தவள். எங்களுக்குக் கிடைத்த தொடருக்கு யாரோ ஒரு ரசிகை மலையாளத்தில் சப்டைட்டில் போட்டிருந்தாள். அதைப் பார்த்து நான் தமிழில் சொல்ல வேண்டும். அந்தப் புண்ணியவதி நடுநடுவே அடைப்புக்குறிக்குள் 'இங்கே நான் அழுதுவிட்டேன்' என்றெல்லாம் எழுதுவாள். அதைக்கூட விடாமல் சொல்வேன். ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

கோபத்துக்குக் காரணம் இது. ஆபீசில் எனக்குப் பதவி உயர்வு கொடுத்துக் கொச்சிக்கு மாற்றியிருந்தார்கள். போகிறாயா என்று, வீட்டுக்கு வந்திருந்த என் அண்ணா என்னைத்தான் கேட்டான். "அவளுக்கு அதெல்லாம் சரிப்படாது" என்று இவர் பதில் சொன்னார். நான் பக்கத்தில்தான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை ஆபீசில் பதில் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அடுத்த பகுதியைப் போட்டோம். கதாநாயகிக்குப் பாரிசில் வேலை கிடைக்கிறது. கதாநாயகன் அவளைக் கேட்காமலே ஃபோனை எடுத்து, அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிடுகிறான். இது நான் ஏற்பாடு செய்த கதையல்ல. கொரியாவிலும் இப்படித்தான் என்று தெரிந்ததில் ஆறுதலும் இல்லை.

"பாவம், பிரிய முடியாமத்தானே பண்ணினான்" என்றார் இவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

திரையில் பனி கொட்டியது. கதாநாயகி அழுதுகொண்டே ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"என்ன சொல்றா?"

'உன்னைவிட வேலை எனக்குப் பெரிதில்லை, நான் எங்கும் போகவில்லை' என்று சப்டைட்டிலில் இருந்தது.

"என்னைக் கேக்காம நீ எப்படிச் சொல்லலாம், நான் போகத்தான் போறேன்ங்கறா" என்றேன்.

உடனே அந்தப் பெண் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

"போறேன்னு சொல்லிட்டு எதுக்குக் கட்டிக்கறா?"

"அவா ஊர்ல அப்படித்தான், கேட்டேளா. போறவா கட்டிண்டுதான் போவா."

அந்த வாரத்தில் நான் சொந்தமாக அவரிடம் பேசியது அதுதான் முதல். அவர் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ரசிகை அடைப்புக்குறிக்குள் 'இதுவல்லவா காதல்' என்று எழுதியிருந்தாள். அதை நான் சொல்லவில்லை.

"திரும்பி வருவாளா?"

"வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டில வந்துடுவா."

பாரிசிலிருந்து கொரியாவுக்கு ரயில் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

"ஸ்டேஷன்ல அவன் வந்து நிப்பான்னு சொல்லு" என்றார்.