திறக்காத கதவைப் பற்றிய விரிவுரை

பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த காலத்தில் ஆண்டுதோறும் ஒரு ரயில்வே குமாஸ்தாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாதவருக்காக ஒருவர் ஏன் தன் உயிரைப் பணயம் வைக்கிறார், அதே மனிதர் கூட்டத்தில் சேர்ந்தால் ஏன் அடிக்கக் கை ஓங்குகிறார் என்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டுக்கும் நடுவில் ஒதுங்கி நிற்பவர்களுக்கு உதாரணம் தேவைப்படும்போதெல்லாம் அந்தக் குமாஸ்தாவை இழுத்து வருவேன். அவர் என் அப்பா என்று மாணவர்களிடம் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர்; பேசும் தமிழ்தான் வேறு வேறு. அந்த வீட்டு அக்கா மிளகாய் வறுத்தால் நாங்கள் இருமுவோம். அப்பா எங்களை அதட்டினால் அங்கே அவர்கள் சிரிப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் கோயில் மணியும் ரயில் ஊதலும் ஒன்றோடொன்று போட்டி போடும். அப்பா மறுநாள் அலுவலகத்துக்குப் போடும் சட்டையை ஒரு சுருக்கம் விடாமல் தேய்ப்பார். எத்தனை வசதியான வீடுகளில் பிறகு வாழ்ந்தாலும் அந்த நெருக்கடியான வீட்டுக்குத்தான் இன்னமும் மனம் ஏங்குகிறது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை பிற்பகல், திடலில் நடந்த பந்து விளையாட்டு அடிதடியில் முடிந்தது. ஓர் இளைஞரைப் பத்துப் பதினைந்து பேர் துரத்திக்கொண்டு எங்கள் வரிசைக்குள் வந்துவிட்டார்கள். அம்மா கடைக்குப் போயிருந்தார். எங்கள் கதவு அதிர்ந்தது. "அண்ணே, தொறங்கண்ணே! கொன்னுருவானுங்க, தொறங்கண்ணே!" அப்பா தாழ்ப்பாளுக்கு அருகில் நின்றார். திறக்கவில்லை. அந்த இளைஞரைப் பின்கால்வாய் ஓரத்தில் பிடித்துக் காலை உடைத்தார்கள்.

அதன்பிறகு பல ஆண்டுகள் அவர் காலை இழுத்து இழுத்து எங்கள் தெருவில் நடந்தார். எதிரே வந்தால் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் குனிந்த தலையை நான் வெறுத்தேன். அப்பாவோடு தேவைக்கு மட்டும் பேசினேன். இப்படிப்பட்டவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தே தீருவேன் என்று உளவியல் படித்தேன். மனித நேயம் ததும்பித்தான் இந்தத் துறைக்கு வந்தேன் என்று யாராவது நினைத்தால், இல்லை, கோபத்தில்தான் வந்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் கையில் டேப் ரெக்கார்டரோடு கிள்ளான் நகரில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அங்கே முன்பு நடந்த அடிதடிகளின்போது அடுத்தவரைக் காப்பாற்றியவர்களைத் தேடினேன். "நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள்?" என்பது என் கேள்வித்தாளின் முதல் கேள்வி. ஒருவரும் எதுவும் செய்ததாகச் சொல்லவில்லை. "நா என்னாம்மா பெருசா செஞ்சேன்? ஒன்னும் இல்ல லா. மைலோ குடிக்கிறியா?" ஒரு மாதம் முழுக்க என் நாடாக்களில் பதிவானது மைலோ கலக்கும் கரண்டிச் சத்தம்தான்.

ஒரு லோரி ஓட்டுநர் மூன்று பேரைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோய் விட்டவர் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவரும் தலையை ஆட்டி மறுத்தார். அடுப்படியிலிருந்து அவர் மனைவிதான் கத்தினார்: "பொய் சொல்றாரும்மா! அன்னிக்கு இவரு வீடு வர்ற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தான் செய்த நல்லதைத் தன் வாயால் சொன்னால் அது பீற்றல் என்றுதானே நம் வீடுகளில் வளர்க்கிறார்கள்? அப்படி வளர்ந்த நானே அந்நிய நாட்டுப் பாடப்புத்தகத்தைப் பார்த்துக் கேள்வித்தாள் எழுதிய லட்சணம் அது. மறுநாளே கேள்வியை மாற்றினேன். "உங்கள் பக்கத்து வீட்டார் என்ன செய்தார்கள்?" அவ்வளவுதான், நாடா போதவில்லை. என் ஆய்வேடும் வேலையும் பெயரும் அந்த ஒற்றைக் கேள்வியால் வந்தவை.

பெயர் வந்ததும் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் பேச அழைத்தார்கள். அப்பாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்துக்கொண்டேதான் குமாஸ்தாவின் கதையைச் சொன்னேன். வேண்டுமென்றுதான் செய்தேன். எல்லோரோடும் சேர்ந்து அவரும் கைதட்டினார். திரும்பும் வழியில் சூடாக வடை வாங்கித் தந்து, "நல்லாப் பேசினாய், பிள்ளை" என்றார். கொஞ்சமாவது கூசவில்லையே என்று வடையைக் கடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பழைய பக்கத்து வீட்டு அக்காவைத் தேடிச் செந்தூல் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு முடி நரைத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"பக்கத்து வீடுன்னா ஒங்க வீடுதானே?" என்று சிரித்தார். "ஒங்கப்பா தொறக்கத்தான் போனாரு. நீதான் அவரு கையப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு, தொறக்காதீங்கப்பா, நம்மளையும் அடிச்சிருவாங்கன்னு கத்துன. செவுத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டுச்சு. பாவம், சின்னப் புள்ள. ஒனக்கு ஞாபகம் இல்லியா?"

ரெக்கார்டரை நிறுத்தினேன். மனித நினைவு தனக்கு வேண்டாததை மறைத்துவிடும் என்று ஆயிரம் பேருக்குப் பாடம் நடத்தியவள் நான். எவ்வளவு முயன்றும் என் குரல் நினைவுக்கு வரவில்லை. கன்னத்தில் உரசிய அப்பாவின் சட்டைக் கையும் அதன் கஞ்சி மொடமொடப்பும் மட்டும் வந்தன. அது போதுமாக இருந்தது.

மினி பஸ் பிடித்து நேரே அப்பாவிடம் போனேன். ஓய்வுபெற்றபின் அவரும் அம்மாவும் பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன். "நான்தானே உங்களைத் தடுத்தது? மண்டபத்திலை வைச்சுக்கூட வாயைத் திறக்கேல்லையே!"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தால் துடைத்தார். உன் மேல் பிழையில்லை, நீ குழந்தை என்று ஆறுதல் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரை அப்போதே பெருந்தியாகியாக்கி மனதுக்குள் கும்பிடவும் தயாராகிவிட்டேன். அவர் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

"ஒன்பது வயசுப் பிள்ளையின்ரை கையை விலக்க எனக்குப் பலம் இல்லையோ?" என்றார். "எனக்கும் பயம், பிள்ளை. நீ அழுதது எனக்கு வசதியாப் போச்சு."

எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். யாரும் தன்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்து அழுதேன். ஒன்பது வயதுக்குப் பிறகு நான் அப்பாவைத் தொட்டது அன்றைக்குத்தான்.