கார் கொட்டகைக் கம்ப்யூட்டருக்கு இரண்டாவது ஆள்

அமெரிக்காவின் வடக்கே, மின்னசோட்டாவில் உள்ள எங்கள் ஊரில் பனிக்காலத்திலும் காரைத் தெருவில் நிறுத்துகிறவர் வெர்லின் ஒருவர்தான். அவருடைய கார் கொட்டகை முழுக்க ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஆளுயர இரும்பு அலமாரிகள், சுழலும் நாடாச் சுருள்கள், தடித்த கம்பிகள். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அதை இயக்கியே ஓய்வுபெற்றவர் அவர். அலுவலகம் அதைக் கழித்துக்கட்டியபோது, உடைக்க மனம் வராமல் லாரி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் மனைவி ஆர்டிஸ் ஒரு குளிர்காலம், வெயில் அடிக்கும் அரிசோனாவில் உள்ள மகள் வீட்டுக்குப் போனாள். பனி உருகியது, ஏரியில் படகுகள் இறங்கின, அவள் திரும்பவில்லை. கேட்டால், "பேரப்பிள்ளைங்க விடமாட்டேங்குதாம்" என்பார்.

அந்தக் கோடையில் பக்கத்து வீட்டுக்காரனான என்னை வேலியோரம் கூப்பிட்டார்.

"கார்டி, சனிக்கிழமை சும்மாதானே இருப்ப? இதை ஓடவைக்க ரெண்டு பேர் வேணும். நான் முன்னாடி பட்டனை அமுக்குறப்ப, பின்னாடி ஒரு சுவிட்சை யாராவது பிடிச்சுக்கணும்."

போய்ப் பிடித்தேன். விசிறிகள் இரைந்தன, விளக்குகள் வரிசையாக மின்னின. "பாத்தியா, முழிச்சுக்கிச்சு!" என்று சிரித்தார். பிறகு காபி, கேக், பழைய அலுவலகக் கதைகள். சனிக்கிழமைதோறும் அப்படியே ஆயிற்று. "கெளம்புய்யா, உன் இரும்பு மாமியார் காத்திருக்கா" என்று என் மனைவி கிண்டலடிப்பாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் என் வண்டி நின்றுவிட, தாமதமாகப் போனேன். முற்றத்திலேயே இரைச்சல் கேட்டது. கதவைத் திறந்தால் எல்லா விளக்குகளும் எரிகின்றன. வெர்லின் தனியாக நிற்கிறார். பின்னால் போய்ப் பார்த்தேன். சுவிட்சை யாரும் தொடவில்லை.

அவர் காதுவரை சிவந்துபோனார். "அது... இன்னிக்கு என்னமோ தானாவே..."

"அதனால என்ன வெர்லின், விடுங்க."

அவர் இயந்திரத்தை அணைத்தார்.

அடுத்த சனிக்கிழமை கூப்பிடவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. நானே போய்க் கதவைத் தட்டினேன்.

"இன்னிக்கு மிஷினைப் போடல, கார்டி."

"நான் காபிக்குத்தான் வந்தேன்."

தயங்கியபடி உள்ளே விட்டார். சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரை விட்டால் பேச இருவருக்கும் எதுவும் இல்லை. கரைந்துபோன சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"ஆர்டிஸ் வீட்டை வித்துடச் சொல்றா," என்றார் கடைசியில். "பேரப்பிள்ளைங்கன்னு நான் சொன்னதெல்லாம் சும்மா. அவ இனி வரமாட்டா."

எழுந்துபோய் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.